நடுக்கள ஆட்டக்காரன் வீட்டுக்கு வந்த சர்க்கரை

மிலூத் ஆட்டக்காரன் ஆனதே ஒரு குளறுபடியில்தான். மொரோக்கோவின் சுரங்க ஊரான குரிப்காவில் ரயில் பாதையை ஒட்டிய பொட்டலில் ஊர்க் கிளப்புக்குப் பையன்களைப் பொறுக்கிய அன்று அவன் ஆட வந்தவனே இல்லை. கூட்டாளியின் சட்டையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். நடுக்களத்தில் ஆட வேண்டிய பையன் தன் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டான். கோச் சுற்றும்முற்றும் பார்த்தார். "ஏய், செருப்பு வெச்சிருக்கவனே, நீ போய் அங்க நில்லு" என்றார். எங்கே என்று கேட்டான். "நடுவுல." அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே அவன் ஊர்க் கிளப்பில் ஆடினான், காஸாபிளாங்காவில் பெரிய கிளப்பில் ஆடினான், பிரான்சில் பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரின் இரண்டாம் நிலைக் கிளப்பில் ஒரு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். மொரோக்கோ தேசிய அணிக்கும் ஆடினான். எங்கே போனாலும் நடுவில்தான் நிறுத்தினார்கள். எதிராளியிடமிருந்து பந்தை எடுப்பான், பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பான், மறுபடி ஓடுவான்.

அவனுடைய வாப்பா ஹம்மாதி பாஸ்பேட் சுரங்கத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஒரு மனிதன் வேலை செய்தால் மாலையில் அந்த வேலை குவியலாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகனைப் பிடித்து உட்கார வைத்து அதையே கேட்பார்.

"கோல் அடிக்கிறவன் ஒருத்தன். தடுக்கிறவன் ஒருத்தன். சரி. நீ நடுவுல என்னடா பண்றே?"

"பந்தை எடுத்து முன்னால இருக்கவனுக்குக் கொடுக்கிறேன் வாப்பா."

"ஏன், அவனுக்குக் கை கால் இல்லையா? அவனே எடுத்துக்க மாட்டானா?"

மிலூத்துக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியாது. முதல் முறையாக அவன் தேசிய அணிக்கு இறங்கிய நாளில் ஹம்மாதி தெருவில் பாதியைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடியது. மிலூத்தோ பந்தைக் கொடுத்துவிட்ட இடத்தில் நின்றிருந்தான். ஆட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டு இத்தோ, "உன் பையன் வந்தானா, வரலையா?" என்று கேட்டாள். "வந்தான்னுதான் சொல்லிக்கிறாங்க" என்றார் ஹம்மாதி. பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான். அணி ஜெயித்தால் அவன் பெயர் இருக்காது. தோற்றால் 'நடுக்களம் காலியாகக் கிடந்தது' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது நிறைந்திருந்த நாட்களில் இவர்களெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, தெரியாது.

இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது ஒன்றுதான். ஆப்பிரிக்கக் கோப்பைக்கான தகுதிச் சுற்று முழுக்க ஓடி ஓடி ஆடுவான். அணி தகுதி பெறும். கோப்பைக்குப் போகிறவர்கள் பட்டியல் வரும்போது அவன் பெயர் இருக்காது. ஒரு முறை கணுக்கால் போயிற்று. இன்னொரு முறை பட்டியலுக்கு முன்னால் கோச்சை மாற்றிவிட்டார்கள், வந்தவருக்கு இவன் யாரென்றே தெரியவில்லை. இந்த முறை விட்டால் அவ்வளவுதான். முட்டியில் அவ்வப்போது நீர் கோக்கிறது, வயது முப்பதைத் தாண்டியாயிற்று. ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையில் இறங்கி ஆட வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம்.

புது கோச் வெளிநாட்டுக்காரர். அவர் பேசுவதை மொழிபெயர்க்க ஒருவன் கூடவே வருவான். கோச் ஒரு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் இவன் இரண்டு வார்த்தையில் முடிப்பான். கடைசியாக ஆடிய ஆட்டத்தில் மிலூத்தைப் பாதியிலேயே வெளியே கூப்பிட்டார்கள். கோச் அவன் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். கண்கூடக் கலங்கியிருந்தது. மிலூத் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தான். "நல்லா இருக்குன்றாரு" என்றான் அவன். எது நல்லாயிருக்கிறது? ஆட்டமா, முட்டியா, வீட்டுக்குப் போய்விடுவதா? கேட்பதற்குள் இருவரும் நகர்ந்துவிட்டார்கள்.

அன்று இவனுக்குப் பதிலாக இறங்கியவன் ஜவாத். அவனும் குரிப்காதான், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீடு. பயிற்சி முகாமில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. தூக்கத்தில் கல்யாணப் பாட்டுப் பாடுவான், மிலூத் தலையணையை விட்டெறிவான். நல்ல பையன், அதுதான் தொல்லை. இவர்களைப் போல நடுவில் நின்று பந்தைப் பறிக்கிற ஆள் இந்த முறை ஒருத்தர் போதும் என்று கோச் சொன்னதாக முகாமில் பேசிக்கொண்டார்கள்.

பட்டியல் வரும் நாளில் மிலூத் எங்கே இருந்தாலும் வாப்பா வீட்டுக்கு வந்துவிடுவான். முதன்முதலில் தன் பெயரை அவன் கேட்டது அந்த வீட்டில், வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டின் முன்னால். அதிலிருந்து இது ஒரு பழக்கம். இந்த முறை பட்டியலே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தது. நல்ல சகுனம் என்று சந்தோஷமாக ரயிலேறினான். ஒரு விஷயம்தான் உறுத்தியது. பட்டியலில் இருப்பவர்களுக்கு அணி அலுவலகத்திலிருந்து முந்தைய நாளே போன் வரும், பாஸ்போர்ட் சரியாக இருக்கிறதா என்று கேட்பார்கள். அவனுக்கு வரவில்லை. ஆனால் ஒரு முறை போன் வராமலே பெயர் வந்திருக்கிறது. இன்னொரு முறை பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டார்கள். ஆகவே போன் வராததற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க யோசிக்க அவனுக்கு மண்டை காய்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஹம்மாமுக்குப் போய்க் குளித்துவிட்டு, அங்கிருந்தே பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தான். உம்மா ஃபத்னா கோதுமை ரவையை அவித்து ஏழு காய் போட்ட கூஸ்கூஸைப் பெரிய தட்டில் குவித்து வைத்திருந்தாள். வாப்பா, உம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் தங்கை நஸ்ஹா, எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மோர் குடித்தார்கள். அப்புறம் புதினா போட்ட டீ வந்தது. மிலூத் மூன்று கிளாஸ் குடித்தான். பதற்றத்துக்குச் சர்க்கரை நல்லது.

"இன்னிக்கு டீ நல்லா இருக்கே உம்மா" என்றாள் நஸ்ஹா. "நேத்து சர்க்கரை தீந்துபோச்சுன்னு சொன்னியே?"

"உங்க வாப்பா வாங்கி வெச்சிருந்தாரு. ரெண்டு சர்க்கரைக் கூம்பு. ஒண்ணை உடைச்சேன்."

ஹம்மாதி கிளாஸை இறக்கி வைத்தார். "நான் எங்கடி வாங்கினேன்? தொழுகைக்குக் கிளம்புறப்போ ஒரு பொம்பளை வந்து கையில கொடுத்துச்சு. நீ யாருகிட்டயோ சொல்லி வெச்சிருப்பேன்னு நெனச்சு உள்ள வெச்சுட்டுப் போயிட்டேன்."

"எந்தப் பொம்பளை?"

"ஜெலாபா அங்கி போட்ட பொம்பளை."

"இந்த ஊர்ல எல்லாரும்தான் ஜெலாபா போட்டிருக்காங்க. மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அடுத்தவன் வீட்டுப் பொம்பளை மூஞ்சியை நான் எதுக்குப் பாக்கணும்?"

"அப்போ மத்த நாள்ல பாப்பீங்களோ?"

"தரையைத்தான் பாத்தேன். பச்சை பிளாஸ்டிக் செருப்பு போட்டிருந்துச்சு. போதுமா?"

"அவ என்ன சொன்னா வாப்பா?" என்றான் மிலூத்.

"வாய்க்குள்ளயே ஏதோ சொன்னா. பாங்கு சத்தத்துல ஒண்ணும் கேக்கல, எனக்கோ அவசரம். 'அல்லா ஏத்துக்கட்டும்'னுட்டுக் கிளம்பிட்டேன்."

"எதை ஏத்துக்கட்டும்?"

"எனக்கென்னடா தெரியும்? சர்க்கரை கொடுத்தா அப்படித்தானே சொல்லுவோம்!"

மீதமிருந்த கூம்பை நஸ்ஹா எடுத்து வந்து டீத் தட்டின் நடுவில் நிறுத்தினாள். நீலத்தாள் சுற்றிய, முழங்கை உயரக் கூம்பு. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த சிவப்புக் கம்பளி நூல் இதன் கழுத்திலேயே தொங்கியது. நான்கு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, அது வாய் திறக்கும் என்பது போலப் பார்த்தார்கள். இந்த ஊரில் சர்க்கரைக் கூம்பு எதற்குத்தான் வராது? பிள்ளை பிறந்தால் வரும், ஆள் செத்தால் வரும், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் வீட்டுக்கு வரும். பெண் கேட்க வரும். தப்பு செய்தவன் மன்னிப்புக் கேட்டு வருவதும் இதைத் தூக்கிக்கொண்டுதான். சம்மதமில்லை என்றால் உடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உடைத்து டீ போட்டுவிட்டால், வந்தவர் சொன்னதற்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பேச்சு முடிந்தது.

ஃபத்னா கன்னத்தில் கை வைத்தாள். "யா அல்லா, நான் உடைச்சுட்டேனே! எதுக்கு ஒப்புக்கிட்டோம்?"

"வேற எதுக்கு" என்றார் ஹம்மாதி, மகளை ஓரக்கண்ணால் பார்த்து. "இந்த வீட்டுல கேக்கறதுக்கு ஒரு பொண்ணு இருக்கு."

நஸ்ஹா எழுந்தே விட்டாள். "என்ன வாப்பா, என்னைக் கொடுத்தாச்சா? ஒரு கிளாஸ் டீக்கா?"

"நீயும்தானே குடிச்சே?"

"மாப்பிள்ளை யாரு? அதையாவது சொல்லுங்க!"

"பச்சைச் செருப்புக்காரி மகன்."

மிலூத் சிரித்தான். சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. சுவர் தடுக்கிறதோ என்று மொட்டை மாடிக்கு ஏறினான். அங்கே போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தான். காஸாபிளாங்காவிலிருந்து மனைவி இல்ஹாம்.

"கூப்பிட்டாங்களா?"

"நீதான் கூப்பிட்டிருக்கே."

"நான் கேக்கறது அவங்களை."

"லைனை நீ பிடிச்சு வெச்சிருந்தா அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று எரிந்து விழுந்தான். அவள் போனை வைத்துவிட்டாள். ஏன் அப்படிப் பேசினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் பாஸ்பேட் ஏற்றிய ரயில் ஊரைவிட்டு மெதுவாக வெளியேறுவது தெரிந்தது. அது போய் முடியும்வரை நின்றான்.

கீழே அதற்குள் நிலைமை முற்றியிருந்தது. மாவு சலிக்கும் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்த இத்தோ, நடுவீட்டில் ஜம்மென்று நிற்கும் சர்க்கரையைப் பார்த்தாள். பட்டியல் வரும் நாள் என்பது தெருவுக்கே தெரியும். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் ஒரு குலவை போட்டாள் பாருங்கள், நாலு வீடு தள்ளித் தூங்கிய பூனை எழுந்திருக்கும். "எனக்கு அப்பவே தெரியும்! நம்ம பையன் கோப்பைக்குப் போறான்!" என்று ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்த ஒரு கூம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஃபத்னா அவளை மறுக்க வாயெடுத்தாள். உண்மையாகவும் இருக்கலாமே என்று தோன்றி மூடிக்கொண்டாள்.

இத்தோ அந்தக் கூம்பை வைத்து நிமிர்வதற்குள் இத்ரீஸ் உள்ளே வந்தார். ஹம்மாதியோடு சுரங்கத்தில் வேலை செய்தவர், பகல் முழுக்கக் கஃபேயில் உட்கார்ந்து தேசிய அணியை நடத்துகிறவர். அவர் கக்கத்திலும் ஒரு கூம்பு. முகம் தொங்கிப்போயிருந்தது. மாடியிலிருந்து இறங்கிய மிலூத்தின் தோளைப் பிடித்து, "மனசை விட்டுடாதே. இதைவிட நல்லதை அல்லா கொடுப்பான்" என்றார்.

"எதைவிட மாமா?"

"கஃபேயில எல்லாரும் பேசிக்கிறாங்கடா. உன்னை எடுக்கலையாம்."

இத்தோ இடுப்பில் கை வைத்தாள். "நல்ல நாளும் பொழுதுமா மையத்து வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு! வாயைக் கழுவு!"

"மையத்து வீட்டுல குலவை போட்டவளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் இத்ரீஸ்.

"இந்தக் கிழவனுக்கு யாரு சொன்னது?"

"உனக்கு யாரு சொன்னது?"

யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். இருந்தாலும் தெருவில் செய்தி பிளந்துகொண்டு இரண்டு பக்கமும் ஓடியது. ஒருத்தி வந்து மிலூத்தைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். அவள் பின்னாலேயே வந்தவர் அவன் தலையைத் தடவி ஆறுதல் சொன்னார். அவன் முதலில் இல்லை இல்லை என்று மறுத்துப் பார்த்தான், அப்புறம் ரெண்டு பேருக்கும் ஆமீன் சொல்லத் தொடங்கினான். வாழ்த்தின கை சூடாக இருக்கும்போது கோப்பைக்குப் போய்விடுவோம் என்று நம்பினான். அடுத்த கை தலையில் பட்டதும் போனை எடுத்துப் பார்த்தான். யாருடைய வாழ்க்கையையோ யாரோ பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. உம்மா வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், மத்தியானம் உடைத்த அதே சர்க்கரையில்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்து டிவியில் செய்தி வந்தது. நடுவீடு நிறைந்திருந்தது. கோச் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்த மொழிபெயர்ப்பாளன். கோல்கீப்பர்களைச் சொன்னார்கள். தடுப்பாட்டக்காரர்களைச் சொன்னார்கள். இத்தோ குலவைக்கு நாக்கைத் தயாராக வைத்திருந்தாள். நடுக்களம் தொடங்கியது. ஒரு பெயர், இன்னொரு பெயர், இன்னும் ஒன்று. அப்புறம் ஜவாத். அடுத்ததாக முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் பெயரைப் படித்தார்கள்.

"நடுவுல இருக்கவங்களை முடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார் ஹம்மாதி.

டிவியில் முன்வரிசைப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இல்ல, கேக்கறேன். திரும்ப நடுவுக்கு வருவாங்களா?"

"வர மாட்டாங்க வாப்பா" என்றான் மிலூத்.

நஸ்ஹா எழுந்து டிவியை அணைத்தாள். இத்ரீஸ் தான் சொன்னது நடந்துவிட்டதற்காக வெட்கப்பட்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியேறினார். இத்தோ தலைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். தன் கூம்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதா விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு கணம் தடுமாறி, விட்டுவிட்டே போனாள். சர்க்கரைக்கென்ன, இதற்கும் பொருந்தும்.

மிலூத் தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தான், அதுவும் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர் மேலா? தூக்கத்தில் பாடுகிறவன் மேலா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல உட்கார்ந்திருந்தான். ஒன்று மட்டும் தோன்றியது. நம் ஊர்ப் பையன் ஒருவன் கோப்பைக்குப் போகிறான், வாழ்த்தாமல் இருந்தால் நாளைக்கு முகத்தில் முழிக்க முடியாது. இப்போதே போகாவிட்டால் அப்புறம் போகவே மாட்டோம்.

"ஜவாத் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று எழுந்தான்.

"வெறுங்கையோட போகாதே" என்றாள் ஃபத்னா. வரிசையாக நின்ற கூம்புகளில் கைக்கு எட்டியதை எடுத்து அவன் கையில் வைத்தாள். சிவப்பு நூல் கட்டிய கூம்பு அது.

ரயில்வே கேட் வரை நடந்தான். வழியில் இரண்டு பேர் சலாம் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்து போனார்கள். ஜவாத் வீட்டு வாசலில் ஆளும் இல்லை, பாட்டும் இல்லை. கோப்பைக்குப் பையனை அனுப்புகிற வீடு இப்படியா இருக்கும்? கதவைத் தட்டினான். குனிந்து பார்த்தபோது நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பச்சை பிளாஸ்டிக் செருப்பு கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ஜவாத்தின் உம்மா முபாரகா. மிலூத்தின் முகத்தைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த நீலத்தாளைப் பார்த்தாள். அதன் கழுத்திலிருந்த சிவப்பு நூலைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பிக் கொண்டாந்துட்டியா?"

"எதை காலா?" என்றான். உம்மா வயதுப் பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உங்க வாப்பா வாங்கிக்கிட்டாரே! 'அல்லா ஏத்துக்கட்டும்'னு சொன்னாரே! மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன். இப்போ திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாரா?" அவள் கதவை அகலத் திறந்தாள். "நேத்து என் மகனுக்கு போன் வந்துச்சு மிலூத். பாஸ்போர்ட் கேட்டாங்க. உனக்கு வந்துச்சான்னு அவன் போன் பண்ண ஆளையே கேட்டான். இல்லேன்னுட்டாங்க. ராவெல்லாம் பிள்ளை தூங்கல. உன் இடத்தை எடுத்துக்கிட்டோம்னு. டிவியில வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுல மன்னிப்புக் கேட்டுடணும்னு நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

மத்தியானத்திலிருந்து ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இதுதானா? நஸ்ஹாவுக்கு மாப்பிள்ளையும் இல்லை, யாருக்கும் சாவும் இல்லை. தான் மாடியில் நின்று போனை ஆட்டிக்கொண்டிருந்தபோதே, இந்த அம்மாளுக்கும் அவள் மகனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தனக்கு வைத்த டீயில்தான் அந்தச் செய்தி கரைந்திருந்தது. மூன்று கிளாஸ். அப்போதுதான் கோபம் வந்தது. காதுவரைக்கும் சூடாக வந்தது.

"திருப்பிக் கொண்டாரல காலா" என்றான். "நீங்க கொடுத்த ரெண்டுல இது இன்னொண்ணு. உங்க மகனை வாழ்த்த உம்மா கொடுத்துவிட்டா. யாரு கொடுத்தது, எதுக்குக் கொடுத்ததுன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. மத்ததை மத்தியானமே உடைச்சாச்சு. நானே குடிச்சேன்."

"தெரியாமலா குடிச்சே?"

"தெரியாமத்தான். பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சிருந்தா உடைக்க விட்டிருக்க மாட்டேன். இந்தக் கையாலயே தூக்கி ரயில் பாதையில எறிஞ்சிருப்பேன்."

முபாரகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ அது செல்லாது, இல்லையா?" என்றாள். அவள் நிஜமாகவே கேட்டாள். அவனுக்கும் நிஜமாகவே தெரியவில்லை.

ஜவாத் உள்ளே இருட்டில் நின்றுகொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. மெதுவாக முன்னால் வந்தான். வாழ்த்தையும் கேட்கவில்லை, மன்னிப்பையும் கேட்கவில்லை.

"கோச் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு அண்ணே" என்றான். "'மிலூத் செய்யறதை நீ செய்'னு. அதுக்கு மேல அந்த மொழிபெயர்க்கிறவன் எதுவும் சொல்லல. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். உன்கூட ஒரே ரூம்ல இருந்திருக்கேன், பக்கத்துலேயே ஆடியிருக்கேன். நீ என்னதான் செய்யறேண்ணே?"

மிலூத் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வாப்பா வருஷக்கணக்காகக் கேட்ட கேள்வி. அதை ஒரு வெளிநாட்டுக்காரர், இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னொருவனுக்குப் பாடமாக வைத்திருக்கிறார். சிரிப்பு பாதியில் எங்கோ திரும்பி, சாயங்காலத்திலிருந்து வராத அழுகையாகிவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை.

"தெரிஞ்சா எங்க வாப்பாகிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அங்க நிக்க வேண்டியவன் கல்யாணத்துக்குப் போயிட்டான். என்னை நிக்கச் சொன்னாங்க, நின்னேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இனிமே நீ நில்லு."

மூன்று பேரும் அந்தச் சின்ன முற்றத்துக்குள் வந்தார்கள். கூம்பு இன்னும் மிலூத்தின் கையிலேயே இருந்தது. முபாரகா அதையே பார்த்தாள். வாங்கிக்கொள்ள நீட்டலாமா, கூடாதா என்று தெரியாமல் கை பாதி எழுந்து நின்றிருந்தது.

"காலா, சர்க்கரைச் சுத்தியல் இருக்கா?"

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தரையில் உட்கார்ந்தான். முட்டி சொடுக்கியது. நூலை அவிழ்த்து ஓரமாக வைத்தான், நீலத்தாளைப் பிரித்து மடியில் விரித்தான், கூம்பை அதன்மேல் சாய்த்துப் பிடித்தான். முதல் அடிக்கு அது உடையவில்லை, சுத்தியல்தான் எகிறியது. அவன் இன்னொரு முறை, இந்தத் தடவை என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே, ஓங்கி அடித்தான். கூம்பு பிளந்தது.

"டீக்குத் தண்ணி வெச்சாச்சா காலா?" என்றான்.